பர்மிங்காம் போன ரவிக்கைகள்

அரசு ஊழியர் ஒருவரின் குடும்பத்தைச் சேர்ந்தவர் வியாபாரமோ தொழிலோ தொடங்கினால், அந்த ஊழியர் அதைத் தாமதமின்றி மேலிடத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நடத்தை விதிகள் அப்படிச் சொல்கின்றன. குடும்பம் என்றால் யார் யார் என்பதும் அதிலேயே விளக்கப்பட்டிருக்கிறது. மனைவி முதலில் வருகிறாள். தொழில் என்றால் எது என்பதை மட்டும் விதியை எழுதியவர்கள் நம் ஊகத்துக்கு விட்டுவிட்டார்கள்.

என் மனைவி செவிலிமேட்டு வீட்டின் முன்னறையில் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்யும் அழகு நிலையம் வைத்தபோது எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. சுவர் அகலத்துக்குக் கண்ணாடி, சுழல் நாற்காலி, வாசலில் பலகை. முறைப்படி தெரிவித்தேன், கோப்பில் சேர்ந்தது. ஆனால் 2006-இல் அவள் கணினி முன் உட்கார்ந்து, முன்பின் தெரியாத பெண்களுக்கு இணையத்தில் கண்மை இடக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்ததை எந்தத் தலைப்பின் கீழ் தெரிவிப்பது? பலகை இல்லை. யாரும் படியேறி வரவில்லை. இருந்தாலும் தெரிவித்தேன், தெரிவிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ‘தொழில் நடைபெறும் இடத்தின் முழு முகவரி தருக’ என்று கேட்டு வந்தது. இடம் இணையம் என்று எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு அந்தக் கோப்பைப் பற்றி எதுவும் கேள்விப்படவில்லை. நான் ஓய்வு பெற்றபோது அதுவும் ஓய்வு பெற்றிருக்கும்.

இன்று கைப்பேசியைத் திறந்தால், உதட்டுச் சாயம் பூசிக் காட்டுகிற பெண் ஒவ்வொருத்தியும் சீக்கிரமே சொந்தப் பெயரில் ஒரு துணி வகையை இறக்கிவிடுகிறாள். அதற்கு ஆலோசகர்கள் கூட இருக்கிறார்களாம். அப்போது அப்படி ஒரு பாதை இருப்பதே யாருக்கும் தெரியாது. என் மனைவி அதில் நடந்தாள், பாதை என்று தெரியாமலேயே.

வலைப்பூவைத் தொடங்கிக் கொடுத்தது எங்கள் மகள். சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. வாரக் கடைசியில் ஒரு டிஜிட்டல் கேமராவோடு வருவாள். அம்மா அலங்காரம் செய்வதைப் படி படியாகப் படம் எடுத்து ஏற்றுவாள். எழுத்து அம்மாவுடையது. தமிழை ஆங்கில எழுத்தில் ஒற்றை விரலால் தட்டுவாள். பேசுவதைப் போலவே எழுதுவாள். வீடியோ வெளிச்சத்தில் சரிகை முகத்தில் அடிக்கும், அதனால் கன்னத்துக்கு இவ்வளவு போதும். கனமான முந்தானை தோளை இழுக்கும், ஊசியை இங்கே குத்து. பூவை இவ்வளவுக்கு மேல் வைத்தால் சாயங்காலம் கழுத்து வலிக்கும். “உன் நிறத்துக்கு அந்தச் சிவப்பு ஒத்துக்காதும்மா, சொல்றேன்னு கோச்சுக்காத” என்று மலேசியாவில் இருக்கும் ஒருத்திக்குப் பதில் போட்டிருந்தாள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தன் அக்காள், சித்தி, அலுவலகத் தோழி எல்லாரையும் கூட்டி வந்துவிட்டாள்.

வந்தவர்கள் அலங்காரத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தோம். அவள் முகத்தைப் பற்றி எழுதினாள். கேள்விகள் முதுகைப் பற்றி வந்தன. படங்களில் மணப்பெண்ணின் பின்னால் நின்று சடை தைக்கும்போது, அவள் தனக்குத் தானே வெட்டித் தைத்துக்கொண்ட ரவிக்கை தெரிந்துவிடும். உடல் ஒரு நிறம், கை ஒரு நிறம், முதுகில் புடவைக் கரையிலிருந்து எடுத்த கோபுர வரிசை. “மேக்கப் இருக்கட்டும் ஆன்ட்டி, நீங்க போட்டிருக்கிற பிளவுஸ் எங்க கிடைக்கும்?” இந்தக் கேள்வி மூன்று கண்டங்களிலிருந்து வந்தது. ஒரு நாள் காலை, காப்பியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

“நான் ரவிக்கை செய்யப் போறேன். துணியில இருந்து.”

“துணியில இருந்துன்னா?”

“நெய்யறதுல இருந்து.”

இதன் விபரீதம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. பட்டு நெசவே பிழைப்பான எங்கள் ஊரில் ரவிக்கைத் துணி என்பது புடவையின் வாலில் வருவது. புடவை நெய்து முடித்து, கடைசியில் கொஞ்சம் ரவிக்கைக்கென்று விடுவார்கள். ரவிக்கைக்காக மட்டும் ஒருவர் தறியில் உட்கார்ந்தார் என்று நான் கேள்விப்பட்டதில்லை. என் மனைவியின் அண்ணன் பிள்ளையார்பாளையத்தில் இரண்டு தறி வைத்து, ஒரு முதலாளிக்குப் புடவை நெய்துகொண்டிருந்தார். அவரிடம் போனோம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைக்காமலே சொன்னார்:

“மூணு புடவை வர்ற பாவுல வெறும் ரவிக்கையா? எதிர் வூட்டுக்காரன் கேட்டா இன்னாம்மா சொல்லுவேன்? புடவை எங்கன்னு கேட்க மாட்டான்?”

“கேட்டா, புடவைய உங்க வூட்ல நெய்யுங்க, ரவிக்கைய நாங்க பாத்துக்கறோம்னு சொல்லு அண்ணே.”

“மாப்ள, நீங்களாவது சொல்லக் கூடாதா?” என்று என்னைப் பார்த்தார்.

“நான் ஏற்கனவே மேலிடத்துக்கு எழுதிட்டேன் மச்சான்” என்றேன். அவர் என்னை நம்பிக்கையோடு பார்த்த கடைசி நாள் அதுதான்.

இருந்தாலும் தங்கைக்காக ஒரு தறியை ஒதுக்கினார். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல். ஒருமுறை ஏற்றிவிட்டால் அது தீரும்வரை அந்தத் தறி அதற்குத்தான். வெங்காய நிறத்தில் உடல், அரக்கு நிறத்தில் கரை. நிறத்தைத் தேர்ந்தெடுக்க என் மனைவி எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு பட்டா மாறுதலை முடித்திருப்பேன். வேடிக்கை என்னவென்றால், ஆறேழு ரவிக்கை அளவு நெய்வதற்குள் என் மச்சானுக்கு அது பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு துண்டிலும் கோபுர வரிசையை வேறு மாதிரி மாற்றிப் பார்த்தார். புடவையில் அப்படி மாற்றினால் முதலாளி உதைப்பார். “இது ஒண்ணும் மோசமில்லமா” என்று போனில் சொன்னார். அவருடைய வாயில் அது பாராட்டுப் பத்திரம்.

முதல் பெரிய ஆர்டர் இங்கிலாந்தில் பர்மிங்காமிலிருந்து வந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஜூன் மாதம் அவளுக்குக் கல்யாணம். தோழிகள் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் வெள்ளைக்காரிகள். எல்லாரும் ஒரே மாதிரி ரவிக்கை போட்டுப் புடவை கட்டிக்கொண்டு வரிசையாக நிற்க வேண்டும் என்பது அவள் ஆசை. பன்னிரண்டு பேரின் அளவும் வந்தது. என் மனைவி அவற்றைத் தையற்காரர் பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் ஒரு அளவை இரண்டு முறை படித்துவிட்டு, “இது ஆள் உயரமாம்மா, ரவிக்கை உயரமா?” என்று கேட்டாராம்.

அந்த ஆர்டரை ஏற்ற கையோடு அவள் வலைப்பூவில் ஒரு அறிவிப்பும் போட்டாள். இனி இது எங்கள் சொந்த ரவிக்கை வகை; பர்மிங்காம் கல்யாணப் படங்கள் வந்ததும் போடுகிறேன், பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். கேட்டவர்கள் எல்லாரும் காத்திருக்கிறோம் என்றார்கள். ஆக, எல்லாம் அந்தப் பன்னிரண்டு ரவிக்கைகளின் தலையில் இருந்தது.

சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பார்சல் கட்டுவதற்காக மச்சானும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து, தைத்து வந்த ரவிக்கைகளை அடுக்கினோம். நான் மேஜையில் உட்கார்ந்து சுங்க அறிவிப்புப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். பொருள்: பெண்கள் மேலாடை, பட்டு, புதியது, உபயோகிக்கப்படாதது. இப்படி ஒரு படிவத்தை அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்புவதில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தை என் குடும்பத்தில் யாரும் பகிர்ந்துகொண்டதில்லை. மச்சானின் மனைவி கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்தார். என் மனைவி ஒவ்வொரு ரவிக்கையாக எடுத்து, இடது பக்க ஓரத்தைப் பிடித்துக் காட்ட, அவர் விரல் நுனியால் ஒரு பொட்டு வைத்தார்.

“சமமா வை அண்ணி, கோணக்கூடாது.”

“எனக்குச் சொல்லித் தர்றியா? உன் கூரைப்புடவைக்கே நான்தாம்மா வெச்சேன்.”

புதுத்துணி என்றால் மூலையில் மஞ்சள் வைத்துத்தான் எங்கள் வீடுகளில் உடுத்துவோம். நான் அலுவலகத்துக்குப் போட்டுப்போன ஒவ்வொரு சட்டையின் கழுத்துப்பட்டைக்குள்ளும் அது இருந்திருக்கிறது. நாங்கள் நாலு பேரும் அந்தப் பன்னிரண்டு பொட்டுகளையும் கண்ணால் பார்த்தோம். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. என் மனைவி அதைப் படம் வேறு எடுத்தாள். மறுநாள் நானே தபால் நிலையத்துக்குப் போய் பார்சலைப் பதிவு செய்து ரசீது வாங்கி வந்தேன்.

பார்சல் கட்டிய படங்களை வலைப்பூவில் ஏற்றி ஒரு வாரம் ஆகியிருக்கும். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். கணினிப் பக்கமிருந்து தட்டும் சத்தம் நின்றது.

“இன்னாங்க, இங்க வாங்க.”

சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்: ‘அக்கா, ரொம்ப அழகா இருக்கு. ஆனா ஒவ்வொண்ணுலயும் ஓரத்துல மஞ்சளா ஒரு கறை இருக்கே, பேக் பண்ணும்போது ஏதாவது சிந்திடுச்சா?’

இருவரும் படத்தைப் பார்த்தோம். வெங்காய நிறத்தின் மேல் அது நன்றாகவே தெரிந்தது. ஒரு வாரம் முன்பு மங்கலமாக இருந்தது, இப்போது கறையாக இருந்தது. வெள்ளைக்காரத் தோழிகள் அட்டைப்பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பதை நாங்கள் இருவரும் தனித்தனியாகக் கற்பனை செய்துகொண்டோம்.

சென்னையிலிருந்து மகள் போனில் சொன்னாள்: “அம்மா, முதல்ல அந்த போட்டோவ டெலீட் பண்ணு.”

“போட்டோவ எடுத்துட்டா ரவிக்கையில இருந்து போயிடுமாடி?”

மச்சானுக்குத் தகவல் போய், அவரும் மனைவியும் சாயங்காலமே வந்துவிட்டார்கள். மச்சானின் மனைவி படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். “எந்த ஊர்லபா மஞ்சளக் கறைன்னு சொல்லுவாங்க?” என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்.

“அவங்க ஊர்ல” என்றேன்.

“அப்போ நம்ம கல்யாணத்துல எல்லாரும் கறையோடயா நின்னுக்கினு இருந்தோம்?” என்றார் மச்சான். முதலில் சிரித்தது என் மனைவிதான். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, அந்தப் பொண்ணுக்கு இன்னா எழுதறது?” என்றாள்.

எழுதுவது என்றால் என் துறை. ஒரு தாளை எடுத்து வரைவு தயாரித்தேன். பார்வை, பொருள் எல்லாம் இட்டு, ‘மேற்படி ரவிக்கைகளில் மங்கல நிமித்தமாக இடப்பட்டுள்ள மஞ்சள் நிறக் குறி தொடர்பாகக் கீழ்க்காணும் விளக்கம் அளிக்கப்படுகிறது’ என்று தொடங்கினேன். என் மனைவி முதல் வரியைத் தாண்டவில்லை.

“கல்யாணப் பொண்ணுக்கு மெமோ குடுக்கறீங்களா?”

தானே தட்டினாள். பக்கத்தில் நின்று படித்தேன். ‘கண்ணு, எங்க பழக்கத்துல மஞ்சள் வெச்சுட்டோம். கறை இல்ல, மன்னிச்சுக்கோ. தயவு செஞ்சு சோப்பு போட்டுத் தேய்ச்சிடாத, சிவந்து போயிடும். வெயில்ல காயப் போட்டா தானா வெளுத்துடும். உங்க ஊர்ல வெயில் இருக்குதா?’ என் வரைவைவிட அது நன்றாக இருந்தது என்பதை அன்று நான் சொல்லவில்லை.

பதில் வரவில்லை. வைகாசி வந்தது. கருட சேவைக் கூட்டத்தில் நீந்தித் தபால் நிலையம் போய் விசாரணை மனு கொடுத்தேன். பார்சல் உரியவரிடம் சேர்ந்துவிட்டது என்று தகவல் கிடைத்தது. சேராமல் இருந்தாலாவது ஒரு ஆறுதல் இருந்திருக்கும். மே மாதக் கடைசியில் நான் ஓய்வு பெற்றேன். மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றுவதற்குள் என் மனைவி கணினியைத் திறந்து பார்த்துவிட்டு, “இன்னிக்கும் இல்ல” என்றாள்.

அவள் மனம் விட்டுப்போய் உட்காரவில்லை. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஓடிக்கொண்டிருந்தாள். நானும் சும்மா இருந்ததால் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். தாமலில் ஒரு கல்யாணம். விடிவதற்குள் ஏரிக்கரையில் வண்டி நின்றுபோய், இரண்டு பேரும் சடை வில்லையும் ஒட்டுப் பூவும் சுமந்துகொண்டு மண்டபம் வரை நடந்தோம். எனக்கு அன்று உதவியாளர் என்று பெயர். “சார் யாருக்கா?” என்று மணப்பெண் கேட்டதற்கு, “புதுசா சேர்ந்திருக்கார், ஊசி எடுத்துக் குடுப்பார்” என்றாள் என் மனைவி. என் பணிக்காலத்தில் எந்தப் பதவி உயர்வும் எனக்கு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை.

ஆனால் வலைப்பூவில் ரவிக்கையைப் பற்றி அவள் ஒரு வரியும் எழுதவில்லை. கேட்டவர்களுக்கு, “கொஞ்சம் பொறுங்கம்மா” என்று மட்டும் போட்டாள். முதல் வேலையே கறை என்று பேராகிவிட்டால் இரண்டாவதைக் கேட்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனி நடுவில் மச்சான் வந்தார். வந்தவர் காப்பியை ஆறவிட்டுக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார். சங்கடமான விஷயம் என்றால் அவர் மின்விசிறியைத்தான் பார்ப்பார்.

“அம்மா, முதலாளி கேட்டுக்கினே இருக்கறாரு. ஆவணி முகூர்த்தத்துக்குப் புடவை வேணுமாம். ஒரு தறி சும்மா நிக்குதே, இன்னா விஷயம்னு கேக்கறாரு.”

“நீ இன்னா சொன்ன அண்ணே?”

“தறிக்கு உடம்பு சரியில்லன்னேன்.” காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்: “ஆடி பொறந்தா பாவு ஏத்தியே ஆவணும்மா. புடவைப் பாவு ஏத்திட்டா அப்புறம் தை வரைக்கும் உனக்குத் தறி கிடையாது. அதுக்குள்ள அந்தப் பொண்ணு எதனா எழுதுச்சுன்னா சொல்லு. எனக்கும் புடவையே நெய்யறதுக்குக் கொஞ்சம் போரடிக்குது.”

ஆடி பிறக்கும்வரை என்று முடிவாயிற்று. அதற்குள் பர்மிங்காமிலிருந்து நல்ல சேதி வந்தால் தறியில் ரவிக்கைப் பாவு. வராவிட்டால் புடவை, அத்தோடு இந்த வகையும் முடிந்தது. கல்யாணம் ஜூன் நடுவிலேயே முடிந்திருக்கும். முடிந்தும் ஒரு வார்த்தை எழுதாத பெண் இனி எழுதுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அதைச் சொல்லாமல் இருக்கும் அளவுக்கு எனக்கு இல்லற அனுபவம் இருந்தது.

ஆனியின் கடைசி நாள் மச்சானும் மனைவியும் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். மறுநாள் என்ன பாவு என்று கேட்கத்தான் வந்தார்கள். ஆனால் அதைக் கேட்காமல் மத்தியானச் சாப்பாடு, வெற்றிலை என்று நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலக் காப்பி வேளையில் என் மனைவி கணினியைத் திறந்தாள். பிறகு உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

‘சாரி ஆன்ட்டி. நான் உங்களுக்கு எழுதினது எல்லாம் ஆபீஸ் ஐடில இருந்து. மே ஆரம்பத்துலயே நீளமா லீவு போட்டேன், கல்யாணம், அப்புறம் கிரீஸ் போனோம், இன்னிக்குத்தான் வேலைக்கு வந்தேன். வந்ததும் உங்க மெயில் எல்லாம் பாத்தேன்.’

கல்யாணப் பெண்களையே தொழிலாக வைத்திருக்கும் என் மனைவிக்கும், ஊழியர்களின் விடுப்பைக் காலமெல்லாம் கணக்குப் பார்த்த எனக்கும், கல்யாணமானவள் விடுப்பில் போவாள் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

‘ரவிக்கை எல்லாம் சூப்பர். உள்ள பேர் எழுதின லேபிள் எதுவும் இல்ல, அதனால அந்த மஞ்சள் புள்ளிதான் உங்க பிராண்டோட மார்க்னு நினைச்சுட்டேன். பிரண்ட்ஸ் கேட்டதுக்கும் அப்படித்தான் சொன்னேன். எல்லாரும் அது வெளிய தெரியற மாதிரி புடவைய ஒதுக்கிவிட்டுக்கிட்டு போட்டோல நின்னாங்க. ஒருத்தியோடதுல மட்டும் புள்ளி ரொம்ப லேசா இருந்துச்சு. தன்னோடது டூப்ளிகேட்டான்னு கேட்டு ஒரே தகராறு.’

பெயர்ப்பட்டை தைப்பதா என்ற பேச்சு எங்கள் வீட்டில் என்ன பெயர் என்ற சண்டையாகி நின்றுபோயிருந்தது.

“லேசா இருந்துச்சா?” என்றார் மச்சானின் மனைவி. “அது கடைசியா வெச்சது. மஞ்சள் தீந்துபோச்சு.”

கடிதம் இன்னும் இருந்தது. கொக்கிகள் மிகவும் இறுக்கமாம், ஆட்டம் போட்டபோது இரண்டு பேருக்கு அறுந்துவிட்டதாம். மாப்பிள்ளையின் தங்கைக்கும், அவளுடைய தோழிகளுக்கும் பச்சை நிறத்தில் வேண்டுமாம், அளவுகள் பின்னால் வருமாம். புள்ளி அவசியம் இருக்க வேண்டுமாம். கூடவே படங்கள்: புல்தரையில் வரிசையாகப் பன்னிரண்டு பெண்கள், இடுப்பில் கை வைத்து, இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு.

என் மச்சான் படத்தில் ஒவ்வொரு முதுகாகத் தேடினார். “அட, முன்னாடியேதான் நிக்கறாளுங்க. கோபுரத்த எவளும் காட்டல பாரு” என்றார்.

“கொக்கி அறுந்துச்சாமே” என்று என் மனைவி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். “பாய்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன், ரெட்டையா தைங்கன்னு.” அவள் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. பிறகு நாற்காலியைத் திருப்பி, “அண்ணே, காலையில பச்சைப் பாவு ஏத்து” என்றாள்.

“எந்தப் பச்சை? கிளிப் பச்சையா, மாங்காய்ப் பச்சையா?”

அதை முடிவு செய்ய அவர்களுக்கு இருட்டும்வரை ஆயிற்று. அன்று தேதி 2007 ஜூலை 16, திங்கட்கிழமை.